செக் லைட், கோடு, கேன் வயர்: நம்ம பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். டைனமோ, செல்ப் மோட்டார், ஹாரன் என்று ஓடிக்கொண்டிருந்த தொழில், இப்போது பாதி நேரம் மீட்டரும் ஸ்கேனருமாகப் போகிறது. குளச்சலிலிருந்து மீன் டெம்போ வரும், குலசேகரத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டி வரும், நாகர்கோவிலிலிருந்து புத்தம் புது கார் வரும். வண்டிதான் வேறு வேறு, கேள்வி ஒன்றேதான். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி, மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட் எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. விட்டுரலாமா?

சாவியை ஆன் செய்தால் அந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் நின்று எரிந்தால், இன்ஜினையோ புகையையோ பாதிக்கும் ஏதோ ஒரு கோளாறை வண்டி பதிந்து வைத்திருக்கிறது. இழுவை குறையவில்லை, வெப்ப முள்ளும் சரியாக நிற்கிறது என்றால் வீடு வரை ஓட்டலாம், ஒர்க்ஷாப் வரை ஓட்டலாம். ஆனால் தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகும் வழியில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பிளக்கோ காயிலோ மாற்றி முடித்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும். ஆக்சிலேட்டரைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு மெதுவாகப் போங்கள். ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாக வந்தால் எங்கும் போக வேண்டாம், அங்கேயே ஓரம் கட்டி ஆப் செய்துவிடுங்கள்.

அதுவா எரிஞ்சுது, அதுவா அணைஞ்சுபோச்சு. அப்ப சரியாயிருச்சுதானே?

அந்தக் கோளாறு தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் தென்படாவிட்டால் பொதுவாக விளக்கு தானே அணையும். கோளாறுக்கு வண்டி பதிந்து வைத்த எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம், அது மட்டும் உள்ளே கிடக்கும். இன்ஜின் நாற்பது தடவை சூடாகி ஆறிய பிறகுதான் அதுவும் அழியும். ஆகவே விளக்கு அணைந்த பிறகும் ஸ்கேன் செய்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

இசியூ இசியூங்கிறாங்களே, அது என்னதான் செய்யுது?

பழைய வண்டியில் கார்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்த வேலையை ஒரு அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் செய்கிறது. அதுதான் இசியூ, நான் பெட்டி என்றே சொல்வேன். தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், இதையெல்லாம் சென்சார்கள் சொல்லும். எவ்வளவு நேரம் இன்ஜெக்டரைத் திறக்க வேண்டும், எப்போது பொறி அடிக்க வேண்டும் என்று பெட்டி முடிவு செய்யும்.

இந்தச் சென்சார்களிலேயே பெரியவர் கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுகிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால், செல்ப் எவ்வளவு அடித்தாலும் பெரும்பாலான வண்டிகளில் பெட்டி இன்ஜெக்டரைத் திறக்காது. வழியில் நின்றுபோனால் ஒன்று கவனியுங்கள்: செல்ப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? சுத்தமாக அசையவில்லை என்றால் என் முதல் சந்தேகம் அந்தச் சென்சாரும் அதன் வயரும்தான்.

ஸ்கேன் பண்ற சாக்கெட் என் வண்டியில இருக்கா? எங்க பார்க்கணும்?

ஸ்டீரிங்குக்குக் கீழே, டிரைவர் முழங்காலுக்கு மேலே குனிந்து பாருங்கள். பதினாறு பின் உள்ள, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய சாக்கெட் இருக்கும். வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிந்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஓபிடி என்று பெயர். நம் நாட்டில் நாலு சக்கர வண்டிகளுக்கு ஓபிடி முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமானது. 2013-க்குப் பிந்தைய கார் என்றால் தைரியமாகத் தேடலாம். அதற்கு முந்தியது என்றால் சாக்கெட் இருந்தாலும் எல்லா ஸ்கேனரும் பேசும் என்று சொல்ல முடியாது.

பைக்குக்கும் உண்டு. 2020-இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பைக்குகளிலும் இசியூ வந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் பெரும்பாலும் சின்ன ஆறு பின் கப்ளர், அதாவது வயரை மாட்டும் இணைப்பு, இருக்கும். கார் ஸ்கேனரை அதில் மாட்ட இடையில் தனி வயர் வேண்டும்.

ஸ்கேன் பண்ணினா எந்த பார்ட் போச்சுன்னு சொல்லிரும்லா?

சொல்லாது. இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

கோடு சொல்வது, எந்தச் சுற்றில், அதாவது எந்த சர்க்யூட்டில், கோளாறு என்பதை மட்டும்தான். பி-யில் (ஆங்கில P) தொடங்கினால் இன்ஜின், கியர் பக்கம். பி0118 என்று வந்தால் புத்தகத்தில் போட்டிருக்கும் அர்த்தம், கூலன்ட் எனும் ரேடியேட்டர் தண்ணீரின் வெப்ப சென்சார் சுற்றில் வோல்ட் அதிகம். சென்சார் போயிருக்கலாம், கப்ளர் கழன்றிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே கோடு. "கோடு வந்திருக்கு, சென்சார் கொடுங்க" என்று கடைக்குப் போகிறவர் மூன்றில் ஒன்றில் பந்தயம் கட்டுகிறார்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஸ்கேனரில் நேரடி அளவுகளைத் திறந்தால் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மைனஸ் 40! பேச்சிப்பாறையில் மார்கழி விடியற்காலையில் நின்றாலும் அப்படி வராது. சுற்று எங்கோ திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். சென்சார் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கம் உள்ள இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய கம்பியால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்கேனரைப் பாருங்கள். இரண்டு பின் சென்சாருக்கு மட்டும்தான் இது, வேறு எதிலும் செய்யாதீர்கள். அளவு சட்டென்று 130, 140 டிகிரிக்குத் தாவினால் வயரும் பெட்டியும் நல்லது, குறை சென்சாரில். மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரில் கைவைக்க வேண்டாம், வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். இரண்டு நிமிட வேலை, ஒரு சென்சார் காசு மிச்சம்.

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்கேனர் கிடைக்குதே, வாங்கலாமா?

வாங்குங்கள், தப்பில்லை. இஎல்எம் 327 என்று போட்டு விற்கும் மலிவானவற்றில் பெரும்பாலானவை நகல்தான். சில வண்டிகளோடு பேசும், சிலவற்றோடு மூச்சுக் காட்டாது. பேசினாலும் இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும். சக்கரம் பூட்டாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீரிங் பக்கம் பொதுவாகப் போகாது. அது "கோடு இல்லை" என்று காட்டினால் இன்ஜினில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அதைச் சாக்கெட்டிலேயே மாட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். சாக்கெட்டின் பதினாறாவது பின்னில் சாவி ஆப் ஆன பிறகும் பேட்டரி கரண்ட் இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் காரைப் பூட்டிவிட்டுப் போய், இரண்டு மாதம் கழித்து லீவில் வந்து சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் கேட்பது இந்தப் பக்கம் வழக்கமான காட்சி. டாரஸ் லாரிக்காரர்களுக்கு: உங்கள் வண்டி 24 வோல்ட். 12 வோல்ட் கார் ஸ்கேனரை அதில் குத்திப் பார்க்க வேண்டாம்.

கோடை அழிச்சுட்டா லைட் போயிருதே. அது போதாதா?

அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் என் வேண்டுகோள். கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று பெட்டி ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஸ்கேனரில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிட்டு போலீசைக் கூப்பிடுகிற மாதிரி.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினா எல்லாம் சரியாயிரும்னு மச்சான் சொல்றான்.

பல வண்டிகளில் கோடு அழியும், மேலே சொன்ன அதே நஷ்டத்தோடு. கூடவே ஐடில் வேகம் போலப் பெட்டி கற்று வைத்திருந்ததும் போய், இரண்டு நாள் வண்டி சிக்னலில் நின்று நின்று அணையும். மச்சானிடம் சொல்லுங்கள்.

ஒரே நேரத்துல இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டீரிங், ஏர்பேக் எல்லா லைட்டும் எரியுது. எல்லாமே போச்சா?

எல்லாம் ஒரே நாளில் போகாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்கும். நான் பார்க்கும் வரிசை இது: முதலில் பேட்டரி. ராத்திரி ஓய்வெடுத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சில புது வண்டிகள் மைலேஜுக்காக சார்ஜைத் தாங்களே குறைத்துக் கூட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு, ஏபிஎஸ்ஸுக்கு, ஏர்பேக்குக்கு என்று தனித்தனிப் பெட்டி உண்டு. பேட்டரி படுத்தால் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கோடு எழுதி வைக்கும். இருபது கோடு வந்து, பேட்டரி மாற்றியதும் ஒன்று கூட மிச்சமில்லாமல் போனதும் உண்டு.

அடுத்தது எர்த். அதற்கு அடுத்தது 5 வோல்ட். பல சென்சார்களுக்குப் பெட்டி 5 வோல்ட் கரண்டை ஒரே இடத்திலிருந்து பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் தரைக்குப் போய், ஒழுங்காக இருக்கும் மற்ற சென்சார்களும் தப்பான கணக்கு காட்டும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். இதிலெல்லாம் குறை இல்லை என்றால் கேன் வயருக்குப் போக வேண்டியதுதான்.

கேன் கேன்னு சொல்றீங்களே, தண்ணி கேனா?

கேட்டவர் சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்ட முறை இது. இப்போதைய காரில் இன்ஜின் பெட்டி, ஏபிஎஸ் பெட்டி, மீட்டர், ஸ்டீரிங், ஏர்பேக் என்று பல பெட்டிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்குத் தனித்தனி வயர் இழுத்தால் வண்டி முழுக்க வயராகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயரில் எல்லாரும் பேசுகிறார்கள்.

கோயில் கொடையில் ஒரே மைக் செட்டு கட்டியிருப்பார்களே, அது மாதிரி. ஒருவர் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும், தனக்கு வேண்டிய சேதியை மட்டும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஏபிஎஸ் பெட்டி "வேகம் 40" என்று சொன்னால் மீட்டர் முள் நகரும், ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கும். யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று நின்றுவிட்டால் ஊருக்கே ஒன்றும் கேட்காது. ஷார்ட் ஆன பெட்டி செய்வது அதைத்தான். அதிகமாக உளறும் பெட்டி தானாகவே ஒதுங்கிக்கொள்ளவும் இதில் ஏற்பாடு உண்டு. ஆனால் வயரே ஒட்டிக்கொண்டால் அந்த ஏற்பாடு காப்பாற்றாது.

யாரும் பேசாதபோது இரண்டு வயரிலும் ஏறக்குறைய 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பேச்சு. பேச்சு அறுந்தால் வரும் கோடு யு-வில் (ஆங்கில U) தொடங்கும்.

யு0100ன்னு வந்திருக்கு. இசியூ அவுட், முப்பதாயிரம் ஆகும்ங்கிறாங்க. மாத்தட்டா?

பொறுங்கள். யு0100 என்றால் "இன்ஜின் பெட்டியின் குரல் எனக்குக் கேட்கவில்லை" என்று வேறொரு பெட்டி எழுதி வைத்த புகார். பேசாத ஆள் செத்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவனுக்குச் சாப்பாடு போகவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். பியூஸ், மெயின் ரிலே, எர்த். இந்த மூன்றையும் பார்த்து முடிக்காமல் இசியூ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

போன ஆடி மழையில் ஒரு மீன் டெம்போவைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இதே கோடு, இதே தீர்ப்பு, ஏற்கெனவே ஒரு இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பியூஸ் சரி. பெட்டியின் பவர் பின்னில் 12 வோல்ட் சரி. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பெட்டியின் எர்த் பின்னிலும் வைத்துக்கொண்டு செல்ப் அடிக்கச் சொன்னேன். 0.2-க்குள் இருக்க வேண்டியது 1.8 காட்டியது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனால் சேசிஸில் ஒரு போல்ட். மேலே பார்த்தால் பெயின்ட் அடித்த மாதிரி நன்றாக இருந்தது. ஸ்பேனர் வைத்துத் திருப்பியதும், வயர் முனையில் போல்ட் நுழையும் வளையமான லக்கு உப்புப் பொரிந்த பப்படம் மாதிரி கையோடு உதிர்ந்து வந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் அந்த சேசிஸ் வழியாகத்தான் இறங்குகிறது. புது லக்கு, போல்ட் உட்காரும் இடத்தை உரசி இரும்பு தெரியச் செய்து இறுக்கி, மேலே கிரீஸ். வண்டி அன்று சாயங்காலமே குளச்சலுக்குப் போய்விட்டது.

கேன் வயரை நானே மீட்டர் வெச்சுப் பார்க்க முடியுமா?

முடியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஸ்கேன் சாக்கெட்டில் ஆறாவது பின்னுக்கும் பதினாலாவது பின்னுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். கேன் வயரின் இரண்டு கடைசி முனையிலும் 120 ஓம்ஸ் வீதம் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். இரண்டும் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 60 வந்தால் பிரதான வயர் முழுசாக இருக்கிறது. ஒரு பெட்டிக்குப் பிரியும் கிளை அறுந்திருந்தாலும் 60 காட்டும் என்பதை மறக்காதீர்கள். 120 காட்டினால் ஒரு முனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் பக்கம் வந்தால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன, அல்லது ஏதோ ஒரு பெட்டிக்குள் ஷார்ட்.

பிறகு பேட்டரியை மாட்டி, சாவி ஆன் செய்து, ஒவ்வொரு பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். எர்த் நாலாவது, ஐந்தாவது பின்களில் இருக்கிறது. ஆறில் 2.5-க்குச் சற்று மேலே, பதினாலில் சற்றுக் கீழே இருந்தால் பேச்சு நடக்கிறது. ஒன்று பூஜ்யத்திலோ 12-லோ ஒட்டி நின்றால் வயர் பாடியிலோ பவரிலோ உரசுகிறது. உடனே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், மேலே 5 வோல்ட்டுக்குச் சொன்ன அதே வித்தைதான்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டரின் தடித்த முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்தால் நாளைக்கு ஸ்கேனர் தொடாது, இல்லாத கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள். சில வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள்ளே இருக்கும் வயருக்கும் நடுவில் கேட்வே என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அங்கே சாக்கெட்டில் 60 வராமல் போகலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மழை பெஞ்சா மட்டும் லைட் வருது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனா வண்டி நல்ல பிள்ளையா நிக்குது!

நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. போதாததற்குக் கடற்காற்று. கப்ளருக்குள் ஈரம் ஏறினால் பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்கும். முட்டம், குளச்சல், சின்னமுட்டம் பக்கத்து வண்டி என்றால் நான் ஸ்கேனரை எடுக்கும் முன்பே கப்ளரைக் கழற்றி மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்குக் கோடைவிட ஃப்ரீஸ் ஃபிரேம்தான் துணை, அதனால்தான் அழிக்காதீர்கள் என்றேன். வண்டியை ஓடவிட்டு, ஸ்கேனரில் அளவைப் பார்த்துக்கொண்டே வயரிங்கை இடம் இடமாக அசைப்பேன். அசைக்கும்போது எண் துள்ளினால் கை இருக்கும் இடத்தில்தான் குறை. அதிலும் வராவிட்டால் பூவாளித் தண்ணீர் போலக் கொஞ்சமாகத் தெளித்துப் பார்ப்பேன். பிரஷர் வாஷ் துப்பாக்கியால் இன்ஜின் அறையை அடிக்காதீர்கள். கோளாறு கண்டுபிடிக்க வந்தவருக்குப் புதுக் கோளாறு இரண்டு கிடைக்கும்.

மழைக்கு எதிர்ப்பக்கம் சூடு. ஆரல்வாய்மொழி தாண்டி நல்ல வெயிலில் ஓடி, டீ குடிக்க நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இது பல தடவை கிராங்க் சென்சாராகத்தான் இருந்திருக்கிறது.

எலி வயரைக் கடிச்சிருக்கு. டேப் சுத்தி விட்டா போதுமா?

ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருப்பவர்கள் எல்லாருமே ஒரு தடவையாவது இதோடு வந்திருக்கிறார்கள். டேப் போதாது. செம்பு தெரிகிற இடத்தில் ஈரம் ஏறி வயருக்குள்ளேயே களிம்பு ஓடும். ஆறு மாதம் கழித்து வேறு கோடாக வரும். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள வயர் சேர்த்து, நன்றாக ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். கேன் வயர் என்றால் முறுக்கைப் பிரித்தபடி விடாதீர்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் உள்ளே புகாமல் காப்பது அந்த முறுக்குதான். மஞ்சள் உறை போட்ட வயர் என்றால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக்.

எலி வராமலிருக்க? புகையிலை வைக்கிறார்கள், பாச்சா உருண்டை வைக்கிறார்கள், ராத்திரி பானெட்டைத் திறந்து போடுகிறார்கள். திறந்து போடுவது கொஞ்சம் பலிக்கிறது என்பது என் அனுபவம். மற்றதெல்லாம் ஒரு வாரம்தான், எலிக்குப் பழகிப்போகும்.

செட்டும் கேமராவும் மாட்டினதுல இருந்துதான் இந்தப் பிரச்சினை. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். கரண்டுக்காகக் கைக்குக் கிடைத்த வயரைச் சுரண்டி முறுக்கிவிடுகிறார்கள். அது சென்சார் வயராகவோ கேன் வயராகவோ இருந்தால் தீர்ந்தது. முதலில் அதையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

பழைய வண்டி உடைக்கிற கடையில அதே மாடல் இசியூ கிடைக்குது. போட்டா ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பின் எண் தெரிந்தால்தான், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இன்ஜினை விடும். வேறு வண்டிப் பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன். செல்ப் அடிக்கும், அல்லது ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணையும், மீட்டரில் சாவிப் படம் மின்னும். பழைய பெட்டியிலிருந்த தகவலைப் புதியதற்கு மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யு0100 பதிலில் சொன்ன மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்தப் பேச்சு.

டெம்போவுக்கு பாடி கட்டுறோம், வெல்டிங் இருக்கு. ஏதாவது கழற்றணுமா?

பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்ற வைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். எட்டத்தில் மாட்டினால் அந்தக் கரண்ட் பெட்டிகள் வழியாகவும் வழி தேடும்.

பிஎஸ் 6 டீசல் கார். டிபிஎஃப் லைட் அடிக்கடி வருது. சென்சாரைப் பிடுங்கிட்டா போகுமா?

டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. சேர்ந்த கரியை ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும், அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். வடசேரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. விளக்கு முதல் தடவை வந்தால் காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டிப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் காய்ந்த புல் மேல் நிறுத்த வேண்டாம்.

அதற்கும் போகவில்லை என்றால் வடிகட்டியின் இரு பக்கத்து அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். வெடித்த ஹோஸ் பொய்க் கணக்கு சொல்லும். சென்சாரைப் பிடுங்கினால் வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு ஊரும். வடிகட்டியையே எடுத்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம், நான் செய்வதில்லை.

கோடே இல்ல. ஆனா வண்டி இழுக்கல. இப்ப என்ன பண்ணுவீங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கோடு இல்லை என்றால் அளவுகள் பெட்டி பொறுத்துக்கொள்ளும் எல்லைக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான். சாவி ஆன், இன்ஜின் ஆப். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், 100 அல்லது 101 கிலோ பாஸ்கல் வர வேண்டும். 92 என்று காட்டினால் கோடு விழாது, ஆனால் அந்தச் சென்சார் நாகர்கோவிலை ஒரு மலை மேல் வைத்துக் கணக்குப் போடுகிறது.

அடுத்தது பெட்ரோல் வண்டியில் ஃபியூல் ட்ரிம். பெட்டி தன் கணக்கை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதைச் சொல்லும் சதவீதம் அது. இரண்டு பக்கமும் பத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். ஐடிலில் கூட்டல் 20 இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் சாதாரணமானால் எங்கோ காற்று களவாகப் புகுகிறது, ஹோஸ்களைத் தேடுங்கள். ஐடிலில் நன்றாக இருந்து, ஏற்றத்தில் ஏறும்போது கூடினால் பெட்ரோல் போதவில்லை, பில்டரும் பம்பும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று சொல்லும் பி0171 என்ற கோடு வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே இந்த எண் சொல்லிவிடும். இவை இரண்டும் சரி என்றால் ஸ்கேனரை மூடிவிட்டுக் கம்ப்ரஷன் பாருங்கள். தேய்ந்த ரிங்கும் எரிந்த வால்வும் எந்த வயரிலும் பேசாது.

சென்சார் ரெண்டு தடவை மாத்தியாச்சு. அதே கோடு வருது. வயர்லயும் 12 வோல்ட் இருக்கு. பைத்தியம் பிடிக்குது அண்ணே.

வயரில் 12 வோல்ட் இருப்பதை மீட்டரில்தானே பார்த்தீர்கள்? மீட்டர் கரண்டை இழுக்காது. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 என்றே காட்டும். பியூஸிலிருந்து வரும் பவர் வயரில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் கோளாறு அங்கேதான். சிக்னல் வயரிலும் இசியூவின் 5 வோல்ட் வயரிலும் இந்தப் பல்பை வைக்காதீர்கள், பெட்டி தாங்காது.

அதுவும் சரியென்றால் கப்ளரின் பெண் பின் தளர்ந்திருக்கிறதா, புதுச் சென்சார் ஒரிஜினல்தானா, கிராங்க் சென்சார் என்றால் அது படிக்கும் பல் சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறதா, இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க், கேம் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 வந்தால் சென்சாரைவிட டைமிங் செயின் நீண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பார்க்கிறதுக்கு மட்டும் ஏன் காசு? பார்ட் எதுவும் மாத்தலையே.

இதைக் கேட்காதவர் இல்லை. அந்த மீன் டெம்போவில் மாட்டியது ஒரு லக்கும் ஒரு போல்ட்டும். அந்த போல்ட்டைத் தேடி மூன்று மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். கூலி அதற்குத்தான்.

அந்த நேரத்தைக் குறைக்க உங்களாலும் முடியும். வரும்போது கோடின் போட்டோ, விளக்கு வந்தபோது மழையா வெயிலா, இன்ஜின் ஆறியிருந்ததா சூடா, கடைசியாக யார் என்ன வேலை பார்த்தார்கள், இவ்வளவும் சொல்லுங்கள். முன்பு மாற்றிய பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதையும் டிக்கியில் போட்டுக் கொண்டு வாருங்கள். பல நேரம் நல்லது அதுதான்.